நுவரெலியாக் குளிரில் பீட்சா மாவு

ஸ்டாண்ட் மிக்ஸரில், அதாவது கிண்ணமும் பிசைகிற கொக்கியும் உள்ள மெஷினில், பீட்சா மாவு பிசையச் சொல்லித்தருகிற குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரு வரி வரும்: "அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வையுங்கள்." எந்த ஊர் அறை? கொழும்பில் சமையலறை 30 டிகிரி. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில், தை மாத இரவில் அது 12, 14 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே மா, அதே ஈஸ்ட், அதே மெஷின். அங்கே பொங்கி வழிகிற மாவு இங்கே இரண்டு மணி நேரம் கழித்தும் வைத்தது வைத்தபடி கிடக்கும். ஈஸ்ட் செத்துவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுகிறவர்கள் நிறையப்பேர். ஈஸ்ட் சாகவில்லை, குளிரில் முடங்கிப்போயிருக்கிறது. நல்ல மாவை வீணாக்காதீர்கள்.

மலைநாட்டில் கடிகாரத்தை நம்பிப் பிசைய முடியாது. மாவின் சூட்டைத்தான் நம்ப வேண்டும். பிசைந்து முடிக்கும்போது மாவின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 24 டிகிரி காட்ட வேண்டும். நம் கையில் இருக்கிற ஒரே கடிவாளம் தண்ணீர். எவ்வளவு சூட்டில் ஊற்றுவது என்பதற்குப் பேக்கரிக்காரர்கள் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. 24ஐ மூன்றால் பெருக்கினால் 72. அதிலிருந்து உலர்ந்த மாவின் சூடு, அறையின் சூடு, மிக்ஸர் உரசலால் ஏறுகிற சூடு மூன்றையும் கழித்தால் தண்ணீரின் சூடு வரும். வீட்டு மிக்ஸருக்கு உரசலை முதல் தடவை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் மா 16, அறை 16, உரசல் 10. கூட்டினால் 42, தண்ணீர் 30 டிகிரி. கண்டியில் 25, 25, 10 என்றால் தண்ணீர் 12. கொழும்பில் 30, 30, 10 என்றால் 2, அதாவது ஐஸ் தண்ணீர். ஒரே குறிப்பு மூன்று ஊரில் மூன்று விதமாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த 10 எல்லா மெஷினுக்கும் ஒன்றல்ல. பிசைந்து முடித்த மாவின் சூட்டை மூன்றால் பெருக்கி, மா, அறை, தண்ணீர் மூன்றின் சூட்டையும் கழித்தால் உங்கள் மெஷினின் எண் கிடைக்கும். அதை எழுதி மிக்ஸரின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். அளவோ நேரமோ மாறினால் எண்ணும் மாறும். குளிர்ந்த ஸ்டீல் கிண்ணமும் சூட்டை இழுத்துவிடும் என்பதால், தொடங்குமுன் வெந்நீர் ஊற்றி அலசித் துடைத்துக்கொள்ளுங்கள்.

அளவு இது: கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 310 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், எண்ணெய் 10 கிராம், சீனி 5 கிராம். மூன்று உருண்டை வரும், ஒவ்வொன்றும் 275 கிராம் சொச்சம், பத்து பதினொரு அங்குலப் பீட்சாவுக்குப் போதும். சீனியும் எண்ணெயும் வீட்டு ஓவனுக்காக. 250 டிகிரிக்கு மேல் போகாத ஓவனில் இவை இரண்டும் இல்லாவிட்டால் மேல்பக்கம் வெளிறியே இருக்கும். தராசு இல்லாமல் கோப்பையால் அளப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அமுக்கி நிரப்பிய கோப்பைக்கும் தூவி நிரப்பிய கோப்பைக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும்.

மா வாங்கும்போது பக்கற்றின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பாருங்கள். 11 கிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. பாண் மா என்று தனியாகக் கிடைத்தால் அதுவே மேல். பத்துக்குக் கீழே என்றால் தண்ணீரை 290 கிராமாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் மாவு நிற்காது. மழைக்காலத்தில் இன்னொரு கவனம் வேண்டும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவமழையில் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்போது, மூட்டை மாவே காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். அப்போது 15 கிராம் தண்ணீரைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, தேவை என்று கண்டால் மட்டும் ஊற்றுங்கள்.

ஈஸ்டை உலர்ந்த மாவோடு கலந்துவிடுங்கள், குழாய்த் தண்ணீரில் நேராகப் போடாதீர்கள். இங்கே குழாய்த் தண்ணீர் 15 டிகிரியில் வரும். காய்ந்த ஈஸ்ட் அவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் ஊறினால் அதன் உள்ளிருந்து குளூட்டாத்தயோன் என்ற பொருள் கசியும். மாவுக்கு இழுவை தருகிற க்ளூட்டனை அது தளர்த்திவிடும். ஈஸ்டும் பலம் குறையும், மாவும் பிசுபிசுக்கும். மறுபக்கம், 55 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் ஈஸ்டைக் கொன்றுவிடும். கொதித்த தண்ணீரில் பச்சைத்தண்ணீர் விளாவும்போது கைச்சூட்டை நம்பாமல் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

இனி பிசைவது. மா, ஈஸ்ட், சீனி மூன்றையும் கிண்ணத்தில் கலந்து, தண்ணீரை ஊற்றி, கொக்கியைப் போட்டு ஸ்பீட் 1இல் இரண்டு நிமிடம். உலர்ந்த மா தெரியாமல் போனதும் நிறுத்தி, ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் விடுங்கள். பார்க்கச் சும்மா இருப்பதுபோலத் தெரிந்தாலும் இந்த 20 நிமிடம் மெஷினின் பாதி வேலையைச் செய்துவிடும். மா தண்ணீரைக் குடித்து, க்ளூட்டன் தானாகக் கட்டத்தொடங்கும். பிறகு உப்பைத் தூவி ஸ்பீட் 2இல் நாலு நிமிடம். கடைசியாக எண்ணெயை நூல்போல விட்டு இன்னும் மூன்று நிமிடம். எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் அது மாத்துகளை மூடிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. எண்ணெய் விட்டதும் மாவு துண்டுதுண்டாக உடைந்து வழுக்கும், பயந்து நிறுத்தவேண்டாம். ஒரு நிமிடத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

ஸ்பீட் 2க்கு மேலே போகவே கூடாது. கிச்சன்எய்ட் போன்ற மெஷின்களின் கையேட்டிலும் ஈஸ்ட் மாவுக்கு ஸ்பீட் 2 என்றுதான் இருக்கும். வேகம் கூட்டினால் மோட்டாரும் கியரும் தேய்வது ஒருபக்கம், மாவின் சூடு 28ஐத் தாண்டிப் பளபளத்து ஒட்டத்தொடங்குவது இன்னொரு பக்கம்.

பதம் பார்க்க வீச்சு ரொட்டி போடுகிற ஆளின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, நான்கு விரலால் மெல்ல இழுத்து விரியுங்கள். பின்னால் வைத்த விரலின் நிழல் தெரிகிற அளவுக்குக் கிழியாமல் விரிந்தால் சரி. ஓட்டை விழுந்து அதன் ஓரம் பிசிறுபிசிறாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் பிசையுங்கள். ஓரம் வழவழப்பான வட்டமாக இருந்தால் கிட்டத்தட்ட வந்துவிட்டது, பொங்கும் நேரத்தில் மீதி சரியாகிவிடும். கிண்ணத்தின் சுவரை விட்டு மாவு பிரிந்து, அடியில் மட்டும் உள்ளங்கையளவு ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தமும் மாறும். தொடக்கத்தில் சளசளவென்று கேட்டது, முடிவில் சப், சப் என்று அறைகிற சத்தமாகும்.

மாவு கொக்கியில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக்கொள்வது சி வடிவக் கொக்கியில் வழக்கம். நிறுத்தி, கையை நனைத்துக் கீழே தள்ளிவிட்டுத் தொடருங்கள். அதற்காக மேலும் மா தூவினால் பீட்சா ரஸ்க்காகிவிடும். சுருள் கொக்கி மாவைக் கீழ்நோக்கி அமுக்குவதால் இந்தத் தொல்லை குறைவு. அடியில் உலர்ந்த மா அப்படியே நின்றால் கொக்கி அடிவரை எட்டவில்லை என்று அர்த்தம். தலை சாய்கிற வகை மிக்ஸர்கள் பலவற்றில் கழுத்து மடிகிற இடத்தில் ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்யலாம். மெஷின் மேசையில் நடக்கிறது, தலை துள்ளுகிறது என்றால் அளவு அதிகம். நாலரை, ஐந்து லீட்டர் கிண்ணத்துக்கு 600 கிராம் கோதுமை மாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 300 கிராமுக்குக் கீழே போனாலும் கொக்கிக்குப் பிடிபடாமல் மாவு சும்மா சுற்றும். அந்த அளவைக் கையால் பிசைவதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய மெஷின் என்றால், பிளக்கைக் குத்துமுன் அடியில் ஒட்டியிருக்கிற தகட்டை வாசியுங்கள். கனடா, அமெரிக்கா மெஷின் 120 வோல்ட். நம் கரண்ட் 230. வெறும் பிளக் மாற்றியைப் போட்டுச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். வோல்டேஜைக் குறைக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், மெஷினின் வாட்ஸைப்போல இரண்டு மடங்காவது தாங்குவதாக. தோட்டப் பக்கம் சாயங்காலம் லைட் மங்குகிற வீடாக இருந்தால் பகலிலேயே பிசைந்துவிடுங்கள். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் இறுகிய மாவை இழுக்கும்போது மோட்டார் சூடேறும்.

பொங்கவைக்க மாவை விறகு அடுப்புத் திட்டில் வைக்காதீர்கள். அடுப்பைப் பார்த்த பக்கம் காய்ந்து வெந்துவிடும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். அணைத்த ஓவனுக்குள் ஒரு சட்டி வெந்நீரோடு மூடிவைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஏறும். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் உள்ளே உண்டாகிற வாயு கூடுதலாக விரியும். அதனால் இரண்டு மடங்காகும்வரை காத்திராமல் ஒன்றேமுக்கால் மடங்கில் எடுத்துவிடுங்கள்.

ஆனால் குளிரோடு மல்லுக்கட்டுவதைவிட அதை வேலைக்கு வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. ஈஸ்டை 1 கிராமாகக் குறைத்து, இரவு பிசைந்து, மூடிய பாத்திரத்தில் 15 டிகிரிச் சமையலறையில் அப்படியே விட்டுவிடுங்கள். 12 முதல் 16 மணி நேரத்தில் ஏறிவிடும். கீழ்நாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பெறுகிற ருசி, நமக்கு அலுமாரி மேலேயே கிடைக்கிறது. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஆடி, ஆவணியில் வீசுகிற காய்ந்த காற்று ஊவாத் தேயிலைக்கு வாசம் தரும், மாவுக்கோ ஓடுபோலத் தோல் கட்டிவிடும். துணி போதாது, இறுக்கமான மூடிதான் வேண்டும்.

பிறகு மூன்றாகப் பிரித்து உருட்டி, இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். விரிக்கும்போது ரப்பர்போலத் திரும்பச் சுருங்கினால் இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள், குழவிக்கட்டையால் அடக்கப் பார்க்காதீர்கள். சுடுவதற்குப் பீட்சாக் கல் வாங்கவேண்டிய அவசியம் இல்லை. கைப்பிடி இல்லாத கனமான இரும்புத் தோசைக்கல்லை ஓவனின் மேல்தட்டில் வைத்து, 250 டிகிரியில் 45 நிமிடம் காயவிட்டு, அதன்மேல் சறுக்கிவிட்டால் எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். மேலே போடுகிற லீக்ஸ், தக்காளியின் தண்ணீரை முன்கூட்டியே வற்றவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடு நசநசக்கும்.

கிண்ணத்தைக் கழுவப் பச்சைத்தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் மா கஞ்சியாகி ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினாலும் போகாது. பூச்சில்லாத அலுமினியக் கொக்கியாக இருந்தால் ஊறவைக்காமல் உடனே கழுவித் துடையுங்கள். ஊறினால் கறுப்பாக மைபோல விட்டு, அடுத்த மாவில் சாம்பல் கோடு விழும்.