இழுக்கும் சார், நிற்குமா?

டிரெய்லர்தான் முதலில் வீட்டுக்கு வந்தது. அதை இழுக்கும் வண்டியை அப்புறம்தான் தேடினேன். முறை தலைகீழ் என்று தெரிந்தேதான் செய்தேன். குயிலாப்பாளையம் பக்கம் ஒருவர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் விற்றார், விட்டால் கிடைக்காது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் குட்டிச் சமையலறை, அதற்கு அடியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. டிரெய்லருக்கும் தனியாக ஆர்.சி. வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நல்லவேளை, இதற்கு இருந்தது.

"நானூற்றைம்பது கிலோதான் இருக்கும்" என்றார் விற்றவர். நண்பனின் பொலீரோவில் கட்டிக் கடலூருக்குக் கொண்டுவந்து, மறுநாள் பண்ருட்டி சாலையில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று எடை மேடையில் ஏற்றினேன். காலியாகவே 640 கிலோ. தண்ணீர், சிலிண்டர், அடுப்பு, மெத்தை, ஜாக்கி, ஸ்பேர் டயர் எல்லாம் ஏற்றிய பிறகு 860. எடை மேடைச் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன். வண்டி தேடிய இரண்டு மாதமும் அதுதான் என் ஜாதகம்.

மார்ச், ஏப்ரல்

கையில் இருந்த சிறிய காரை முதல் நாளே விலக்கிவிட்டேன். சமதரையில் இழுத்துவிடும். ஆனால் தன் எடைக்குக் கிட்டத்தட்ட நிகரான ஒன்று பின்னாலிருந்து தள்ளும்போது அது என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும்.

பிக்கப் வகையில் இரண்டு பார்த்தேன். பொலீரோ கேம்பர் பாரம் தாங்கப் பிறந்த வண்டி. எந்த ஊர்ப் பட்டறையிலும் ஸ்பேர் கிடைக்கும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் மஞ்சள் போர்டு, எஃப்.சி. அலைச்சல் வேறு. பின்சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, "என்னங்க, நான் பஸ்ஸிலேயே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டாள். இன்னொன்று இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2.5 லிட்டர் டீசல், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே கிடைத்துவிடும் என்பதுதான் எனக்கு முக்கியம். இழுவைக்குக் குதிரைத்திறனைவிட, எஞ்சினை அலறவிடாமல் கீழ்ச்சுற்றில் கிடைக்கும் முறுக்கு விசைதான் தேவை.

அதைவிட முக்கியமாக ஆர்.சி.யில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும் என்று பிறகுதான் கற்றேன். ஒன்று வெறும் எடை, மற்றது பாரத்தோடு எடை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வண்டி சுமக்கக்கூடியது. ஆட்கள், பெட்டி, ஐஸ் பாக்ஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டிரெய்லரின் மூக்கு (முன்நுனி), அதை மாட்டும் வண்டியின் கொண்டியில் (ஹிட்ச்) அழுத்தும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். பலர் இழுக்கும் கணக்கைப் போட்டுவிட்டு இந்தச் சுமக்கும் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

புதுச்சேரியில் பி.ஒய். பதிவு வண்டிகள் மலிவாகத் தெரிந்தன. என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டி.என். 31 ஆக்கும் செலவைக் கூட்டினால் மலிவு காணாமல் போகிறது. டீசல் மட்டும் அந்தப் பக்கம் விலை குறைவு. அதற்கு எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை போனால் போதும். (கடலூர்க்காரர்கள் முள்ளோடைக்கு டீசல் போடத்தான் போகிறோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.)

கடைசியில் உள்ளூரிலேயே 2017 மாடல் வி-கிராஸ் கிடைத்தது, 78,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கும் முன் முதுநகரில் எனக்குப் பழக்கமான பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, சேஸிஸை ஸ்பானரால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் மாறினால் உள்ளே துரு தின்றிருக்கிறது என்று அர்த்தமாம். சத்தம் மாறவில்லை. எழுந்து கையைத் துடைத்தபடி கேட்டார்: "இழுக்கும் சார். அதுல சந்தேகமில்ல. நிக்குமா, அதைப் பாருங்க."

மே

கொண்டியைப் பம்பரில் மாட்டக்கூடாது. சேஸிஸின் இரண்டு நீளக் கம்பிகளிலும் போல்ட் போட்டு இறுக்கினோம். டிரெய்லரின் மூக்கு உட்காருவது அதிலுள்ள 50 மில்லிமீட்டர் இரும்புப் பந்தின் மேல். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்கே மாற்றி மாட்ட வேண்டும். கொண்டி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

விளக்குகள்தான் ஒரு வாரம் படுத்தின. வலதுபக்கம் திரும்பினால் பிரேக் விளக்கு மங்கும். எர்த் ஒயர் தனியாக இழுக்காமல், பந்து வழியாகவே கரண்ட் திரும்பும்படி யாரோ விட்டிருக்கிறார்கள். பந்தில் கிரீஸ் பூசியதும் அது தன் குணத்தைக் காட்டியது. தனி எர்த் ஒயர் போட்டதும் சரியாயிற்று.

ஜூன்: பெண்ணையாற்றுப் பாலம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். புதுச்சேரிக்கு முதல் நீள ஓட்டம். 70 வேகம், பாலத்தின் மேல் பக்கவாட்டில் கடல்காற்று. ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே தாண்டியது. அது தாண்டி முடித்த நொடியில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. இடம், வலம், இடம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. நான் செய்த முதல் தவறு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தது. ஆட்டம் கூடியது. பிறகு பயத்தில் கை அப்படியே உறைந்துவிட்டது, அதுதான் காப்பாற்றியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடியே விட்டால் வேகம் குறையக் குறைய ஆட்டம் தானே அடங்கும். அடங்கியது. கன்னியக்கோவிலில் ஓரம்கட்டி இரண்டு டீ குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பி (40-ஐத் தாண்டாமல்), குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து டிரெய்லர் மூக்கை அதன்மேல் நிறுத்தினேன். வெறும் 35 கிலோ! 860 கிலோ டிரெய்லருக்கு மூக்கு எடை பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும், அதாவது குறைந்தது 86. எனக்கு நான்கு சதவீதம்தான் இருந்தது. பின்பாரம் கூடினால் டிரெய்லர் ஊஞ்சல் மாதிரி ஆடும். குற்றவாளி பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டி. அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்ததை 0.7 மீட்டர் முன்னால் மாற்றினேன். மூக்குக்கும் அச்சுக்கும் இடைவெளி 2.8 மீட்டர். 80 கிலோ தண்ணீர் 1.9 மீட்டர் முன்னால் வந்தால், மூக்கில் சுமார் 54 கிலோ கூட வேண்டும். மெஷின் 89 காட்டியது. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் முப்பது வருடம் கழித்துக் கணக்குத் தீர்த்தது.

மூக்கு எடை கூடியதும் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவர்களின் கண்ணில் அடித்தது. விளக்கு மட்டத்தைக் கீழே இறக்கி, பின்டயர்களின் காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் முழுப் பாரத்துக்குப் போட்டிருந்த அளவுக்கு ஏற்றினேன். ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடலாமா என்று கேட்டதற்கு பாய் வேண்டாம் என்றார். பட்டை போட்டால் தாழ்வு மறையுமே தவிர, ஆர்.சி.யில் உள்ள எண் மாறாது.

ஜூலை: கேப்பர் மலை

நம் ஊரில் மலை என்று சொல்ல அந்தச் செம்மண் மேடுதான் இருக்கிறது. திருவந்திபுரத்தில் பூஜை போட்டுவிட்டு, அங்கேயே ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பழகினேன். ஏறுவதில் பிரச்சினை இல்லை. ரிவர்ஸில் மேடேற்றியதுதான் வினை. டிரெய்லரில் இருப்பது ஓவர்ரன் பிரேக், அதாவது முன்வண்டி மெதுவானால் டிரெய்லர் தள்ளும் விசையே அதன் பிரேக்கைப் பிடிக்கும். ரிவர்ஸ் போனாலும் அதே தள்ளல்தானே? ரிவர்ஸில் அது பிடிக்காமல் தடுக்கும் பூட்டு நெம்பைப் போட மறந்து, பிடித்துக்கொண்ட பிரேக்கோடு அரைக் கிளட்சில் பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன். கருகிய வாசனை வந்தது. ஆகஸ்டில் கிளட்ச் பிளேட் மாற்றினோம். தப்பு முழுக்க என்னுடையது.

இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே விட்டு எஞ்சினைப் பிடிக்கச் சொன்னேன். பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட்டேன். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

செப்டம்பர்

பராமரிப்பு இப்போது பழக்கமாகிவிட்டது. எஞ்சின் ஆயிலைப் புத்தகத்தில் சொன்னதைவிடச் சீக்கிரம் மாற்றுகிறேன். கியர்பாக்ஸ் ஆயில், கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) ஆயில் இரண்டும் வாங்கியதும் மாற்றியாகிவிட்டது. பாரம் இழுக்கும்போது கொதிப்பது அங்கேதான். மைலேஜ் லிட்டருக்கு 12லிருந்து எட்டரைக்கு இறங்கும், அது எதிர்பார்த்தது.

எதிர்பார்க்காதது உப்பு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரண்டு இரவு நிறுத்தியதற்கே டிரெய்லர் விளக்குக்குக் கரண்ட் தரும் ஹிட்ச் சாக்கெட்டின் பின்கள் பச்சை பூத்தன. அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், ஆனால் எங்கள் தெரு போர் தண்ணீரே கரிக்கும். அதனால் சேர்த்துவைத்த மழைத் தண்ணீரை இதற்கென்று எடுக்கிறேன். சாக்கெட்டில் வாஸ்லைன் தடவுகிறேன். டிரெய்லர் டயர்கள் ஓடித் தேயாது, நின்றே கெடும். பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றால் 2016-இன் 23ஆவது வாரம். என்னுடையது அதுதான். பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) ஆழம் நன்றாக இருந்தும் இரண்டையும் மாற்றினேன்.

அக்டோபர்

மழைக்கு முன் வீராணம் வரை ஒரு ஓட்டம். சேத்தியாத்தோப்பில் டீக்கு நிறுத்தியபோது வழக்கம்போலச் சக்கர மையத்தில் கை வைத்தேன். இடது வெதுவெதுப்பு, வலது தொடவே முடியவில்லை. பேரிங் போச்சு என்று முதலில் பயந்தேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் உரசல் சத்தம், ஆனால் ஆட்டம் இல்லை. பிரேக் கேபிள்தான் இழுத்தபடியே நின்றிருந்தது. நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தியதும் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. ஏரிக்கரையில் நிறுத்தி மறுபடி தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு.