துருக்கியருக்காக ஓர் உளவியல் அளவுகோலை மாற்றியமைத்த அனுபவம்

உணர்ச்சித் தேவைகளை அளக்கும் ஆங்கில அளவுகோல் ஒன்றை, அதாவது கூற்றுகளுக்கான பதில்களை மதிப்பெண்ணாக்கும் வினாத்தாளை, துருக்கிக்கு ஏற்றபடி மாற்றியமைத்த குழுவில் அங்காராவில் இருந்தேன். சிறு வயதில் வேரூன்றிய மனப்பாங்குகளை மாற்ற முயலும் ஸ்கீமா சிகிச்சையை உருவாக்கிய உளவியலாளர் ஜெஃப்ரி யங் சொல்லும் தேவைகள்தான் அதற்கு அடித்தளம்: பாதுகாப்பான பிணைப்பு, தன்னாட்சி (தன் முடிவைத் தானே எடுப்பது), உணர்வை வெளிக்காட்டும் சுதந்திரம், விளையாட்டும் இயல்பான துள்ளலும், நியாயமான வரம்புகள்.

மொழிபெயர்ப்பு வழக்கமான பாதையில் போனது. மூல ஆசிரியர்களின் அனுமதி வாங்கினோம். இருவர் தனித்தனியாகத் துருக்கிய மொழியில் எழுத, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். நன்றாகவே பொருந்தியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் படிக்கும்போது மனதில் ஓடுவதைச் சொல்லச் சொன்னோம். பெற்றோரைக் கேட்காமல் முடிவெடுப்பேன் என்ற பொருளில் ஒரு கூற்று. ஒரு பெண் சொன்னார்: “அம்மாவைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன். ஆனால் அவர் வேண்டாம் என்ற வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.” மதிப்பெண் கணக்குப்படி இவருக்குத் தன்னாட்சி குறைவு! என்னால் அதை ஏற்கவே முடியவில்லை. கேட்பது அங்கே மரியாதை, முடிவு அவருடையது.

துருக்கிய உளவியலாளர் சிதெம் காயித்சிபாஷி பல ஆண்டுகள் வாதிட்டது இதைத்தான். நகரத்துக்கு வந்து வருமானம் கூடிய குடும்பங்களில், பிள்ளைகளைப் பணத்துக்காக நம்பியிருப்பது குறைகிறது. பாசப் பிணைப்பு குறைவதில்லை. நெருக்கமும் தன்னாட்சியும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருக்கலாம் என்றார் அவர். 2017இல் அவர் மறைந்தார். எங்கள் நிபுணர் குழுவில் அவருடைய கருத்தை வைத்துத்தான் அதிகம் விவாதித்தோம். ஒரு தரப்பு, கூற்றை மாற்றினால் அது வேறு அளவுகோலாகிவிடும் என்றது. நியாயமான அச்சம்தான். கடைசியில் மூல ஆசிரியர்களுக்கே எழுதி, ‘வீட்டார் ஒப்பாவிட்டாலும் என் முடிவில் நிற்க முடியும்’ என்ற திசைக்கு மாற்ற ஒப்புதல் பெற்றோம்.

தரவு சேகரிப்பில் ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன்: பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் போதாது. அரசின் மக்கள் கல்வி மையங்களில் தையல், சமையல் வகுப்புகளுக்கு வரும் பெண்களிடமும் போனோம். அதே ஆட்களை மீண்டும் நிரப்பச் சொல்லும் மறுசோதனைக்குப் பெயர் கேட்காமல், தாயின் பெயரின் முதலெழுத்தையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒரு குறியீடு எழுதச் சொன்னோம். சிலர் இரண்டாம் முறை வேறு ஏதோ எழுதிவிட, அந்தத் தாள்கள் வீண்.

எந்தக் கூற்றுகள் ஒரே தேவையின் கீழ் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் ஒரு ஆசை வரும். மென்பொருள் பரிந்துரைக்கும் பிழைத் தொடர்புகளையெல்லாம் (கூற்றுகளின் அளவீட்டுப் பிழைகள் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்புகள்) சேர்த்தால், நம் மாதிரி தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் பொருத்தக் குறியீடு, ஏற்கத்தக்கதாகப் பலர் கொள்ளும் 0.90ஐத் தாண்டிவிடும். கோட்பாட்டில் காரணம் சொல்ல முடிந்தவற்றை மட்டும் சேர்த்தோம். ஆண்களும் பெண்களும் கூற்றுகளை ஒரே மாதிரிதான் புரிந்துகொள்கிறார்களா என்று சோதித்ததில், தன்னாட்சிப் பகுதி தேறவில்லை. ஆகவே அந்தப் பகுதிக்கு ஆண், பெண் சராசரிகளை ஒப்பிடும் அட்டவணையைக் கட்டுரையில் போடவில்லை.