நீலகிரித் தைலம்: மேலுக்குச் சரி, வாய்க்கு வேண்டாம்

ஊட்டிக்கு வந்து போகிறவர்கள் வர்க்கியோடு சேர்த்து வாங்கிப் போவது நீலகிரித் தைலம். நான் அந்தத் தைலம் காய்ச்சுகிற வீட்டில் பிறந்தவள். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். "இதை உள்ளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்கள் குறைவதே இல்லை. அவர்களுக்காகத்தான் இது.

இந்தத் தைலம் யூகலிப்டஸ் இலையிலிருந்து எடுப்பது. எங்கள் பக்கம் கற்பூர மரம் என்று சொல்லும் அந்த மரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1843-இல் காட்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி நீலகிரியில் நட்டதாகப் பதிவு இருக்கிறது. விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தள்ளியதில் தட்டுப்பாடு வர, சீக்கிரம் வளரும் மரம் என்று இதைப் புல்வெளிகளில் பெரிய தோட்டங்களாகவே போட்டார்கள். புல்வெளிகள் போனது பெரிய இழப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது இந்த இலையால்தான்.

அம்மா காட்டில் இலை பொறுக்கி மூட்டை கட்டிக் கொண்டுவருவார். அப்பா அதைச் செப்பு அண்டாவில் திணித்து, அடியில் தண்ணீர் விட்டு, மூடியைச் சுற்றி மண் பூசி அடைப்பார். அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. முந்தைய தடவை காய்ச்சிய சக்கையைக் காயவைத்து அதையே எரிப்போம். ஆவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும். மறுமுனையில் சொட்டுவதில் தண்ணீர் அடியில் நிற்கும், தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ இலை போட்டால் கிடைப்பது சுமார் ஒரு கிலோதான். அவ்வளவு இலையின் வீரியம் அந்தச் சின்ன பாட்டிலில் அடங்கியிருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இதில் பெரும்பங்கு சினியோல் என்கிற பொருள். அது மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் அடைப்பு விட்டது போல இருக்கும். சளிக்கு அது நல்ல ஆறுதல், நோயைத் தீர்ப்பதில்லை. 2021-இல் கற்பூரம், ஓமம், கிராம்போடு இந்தத் தைலத்தையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதில் உண்மை இல்லை. மூட்டுவலி, தசைப்பிடிப்புக்குத் தேய்க்கலாம். ஆனால் அப்படியே ஊற்றித் தேய்த்தால் சிலருக்குத் தோல் எரிந்து சிவக்கும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஐந்தாறு சொட்டு போதும்.

இப்போது குடிப்பதைப் பற்றி. வேண்டவே வேண்டாம். ஜெர்மனியில் சினியோலை அளந்து, குடலில் போய்க் கரையும் மாத்திரையாகத் தருகிறார்கள். "அங்கே சாப்பிடுகிறார்களே" என்று அதைக் காட்டிப் பாட்டிலைத் திறந்துவிடக் கூடாது. சின்னக் குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தள்ளாட்டம், மயக்கம் வரும்; வலிப்பும் வரலாம். சில சமயம் சில மணி நேரம் கழித்தும் தெரியும். அதனால் 'நல்லாத்தானே இருக்கிறான்' என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, தைலம் நுரையீரலுக்குள் போய்விட்டால் இன்னும் மோசமாகும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.

கைக்குழந்தையின் மூக்கடியில் தடவுவதும் தப்பு. மூச்சு இறுகிப் போகலாம். பெரியவர்களிலும் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த வாசம் இருமலைக் கிளப்பும். இன்னொன்று, ஆவி பிடிக்கும்போது குழந்தையை மடியில் வைத்துப் போர்வையால் மூடுகிறோம் இல்லையா, அப்போது தைலத்தைவிடக் கொதிநீர்தான் பயம். பாத்திரம் கவிழ்ந்தால் வெந்துபோகும்.

வாங்கும்போது கண்ணாடி பாட்டிலாக, லேபிளும் தேதியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். சில பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும். அதைவிட முக்கியம், நிறமில்லாமல் தண்ணீர் போலவே இருக்கும், தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சாமி விளக்குப் பக்கத்திலும் அடுப்பு மேடையிலும் வைக்கக் கூடாது.

சரி, குழந்தைக்கு மூக்கு அடைத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மருந்துக்கடையில் உப்புநீர் மூக்குச் சொட்டு கிடைக்கும், விலையும் குறைவு. பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மூக்கிலும் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.