தையல் மேஜை விளக்கு: மலிவாக ஒரு மின்சுற்றுப் பலகை (பி.சி.பி.) வடிவமைத்த அனுபவம்

தையல் மேஜைக்கு ஒரு விளக்கு செய்ய வேண்டும், எப்படிச் செய்யலாம் என்று கேட்டபோது, அலுமினியப் பலகையில் ஒரு வாட் எல்.இ.டி. நாலைந்தைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் அந்த வழிக்குப் போகவில்லை. கண்ணாடி இழையில் செய்த சாதாரண எஃப்.ஆர்.4 பலகையில் சின்னச் சின்ன எல்.இ.டி.களைப் பரவலாக வைத்து, ஒவ்வொன்றையும் பாதி மின்னோட்டத்தில் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். விளக்கு இப்போது எரிகிறது. செலவும் குறைவு. பலகையின் விலையைத் தீர்மானிப்பது பரப்பளவும் வரைபடமும்தான் என்பது என் கருத்து. பாகங்களில் மிச்சம் பிடிக்கப் போனால் வெளிச்சம்தான் கெட்டுப்போகும்.

விளக்கு ஆரியங்காவில் இருக்கும் சித்தியின் தையல் கடைக்கு. புளியரை தாண்டி மலை ஏறியதும் வரும் முதல் கேரள ஊர் அது. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் நடுப்பகலிலேயே கடைக்குள் இருட்டு. மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போவதும் அந்த மாதங்களில்தான். ஓணத்துக்குப் பொன்னிறக் கரை போட்ட கசவுச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் வரிசையாக வருவதும் அதை ஒட்டித்தான். கடையில் 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. அதை 230 வோல்ட்டாக ஏற்றி, பல்புக்குள் மறுபடி இறக்குவதில் இரண்டு இடத்தில் நஷ்டம். நேராகப் பேட்டரியிலிருந்தே எடுத்துவிடலாம் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

எல்.இ.டி. வாங்குவதற்கு முன்னால் நிறத்தைப் பற்றி யோசித்தேன். வெளிச்சத்தின் சாயலைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் நீலச் சாயல், குறைந்தால் மஞ்சள் சாயல். கடையில் இருந்த 6500 கெல்வின் பல்பின் வெள்ளை வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகவே தெரிந்தன. மெரூன், பழுப்பு மாதிரி தெரிந்தது. “இது ரெண்டும் வேறன்னு வாசல்ல போய்ப் பாத்தாத்தாம்ப்பா தெரியும்” என்றார் சித்தி. அப்படிப்பட்ட பல்புகளின் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு. நிறம் காட்டும் தரத்தை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்வார்கள். சாதாரண பல்பில் 80 இருக்கும். நான் 90க்கு மேல் உள்ளதைத் தேடி வாங்கினேன். 2700 கெல்வின் போட்டால் வெள்ளை நூல்கூட சந்தன நிறமாகத் தெரியும், கசவுத் துணிக்குச் சரிப்படாது. அதனால் நடுவில் 4000 கெல்வின்.

எல்.இ.டி. 2835 வகை, 0.2 வாட். அதாவது 2.8 மி.மீ.க்கு 3.5 மி.மீ. அளவு, சுமார் 3 வோல்ட், 60 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். 12 வோல்ட்டுக்கு எல்லாரும் போடும் கணக்கு தெரிந்ததுதான்: மூன்று எல்.இ.டி. தொடராக, கூடவே ஒரு 51 ஓம் ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் 59 மில்லி ஆம்பியர் ஓடும், அழகான கணக்கு. ஆனால் பேட்டரி 12 வோல்ட்டிலேயே நிற்பதில்லையே! சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், அப்போது மின்னோட்டம் நூறைத் தாண்டும். இறங்கி 10.8க்கு வந்தால் 35தான். கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்து, வெளிச்சம் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில், விளக்கு மங்கிக்கொண்டே போகும். கால்பங்கு மின்சாரம் ரெசிஸ்டரிலேயே சூடாகப் போவது வேறு.

ஆகவே பி.டி.4115 என்ற டிரைவர் ஐ.சி.யை எடுத்துக்கொண்டேன். 6 முதல் 30 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு, நாம் சொன்ன மின்னோட்டத்தை மாறாமல் தரும். சொல்வது மின்னோட்டத்தை அளக்க வைக்கும் ஒரு சிறிய சென்ஸ் ரெசிஸ்டர் மூலம்: 0.1ஐ அதன் ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர். 0.33 ஓம் இரண்டை இணையாகப் போட்டேன், 606 மில்லி ஆம்பியர் வந்தது. வரிசைக்கு மூன்று எல்.இ.டி., மொத்தம் இருபது வரிசைகள்; அது அவற்றுக்குப் பிரிந்தால் வரிசைக்கு 30. அறுபது தாங்கும் எல்.இ.டி.க்கு முப்பது. ஒரு வரிசை அறுந்தாலும் மற்ற பத்தொன்பதுக்கும் தலா 32தான், ஒன்றும் ஆகாது. பாதியில் ஓட்டினால் வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் கூடும், சூடும் குறையும். அலுமினியப் பலகை தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்.

மின்னோட்டம் சீராக வருவதால் இன்னொரு லாபமும் உண்டு. மலிவான பல்புகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மோட்டார் வைத்த மெஷினில் ஓடுகிற ஊசி அந்த வெளிச்சத்தில் மெதுவாக ஓடுவது போலவோ நிற்பது போலவோ தோன்றக்கூடும். விரல் பக்கத்தில் இருக்கிற இடம். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இனி பலகை. மாதிரிப் பலகை செய்து தருகிறவர்கள் பெரும்பாலும் 100 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கினால் ஒரு விலை, ஒரு மி.மீ. தாண்டினாலும் வேறு விலை என்று வைத்திருப்பார்கள். சீனாவில் இந்த அளவில் ஐந்து பலகை இரண்டு டாலர் என்று விளம்பரமே வருகிறது. கூரியரும் சுங்கமும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். நான் நம் நாட்டிலேயே செய்வித்தேன். எப்படியானாலும் அந்தச் சதுரத்தை வீணாக்காமல் நிரப்புவதில்தான் சாமர்த்தியம். சதுரத்தை 20 மி.மீ. அகலத்தில் ஐந்து பட்டைகளாகப் பிரித்தேன். நான்கில் எல்.இ.டி., பட்டைக்குப் பதினைந்து. ஐந்தாவதில் டிரைவர். பட்டைகளுக்கு நடுவே அஞ்சல் தலை ஓரம் போல 0.5 மி.மீ. துளை வரிசை, கையாலேயே ஒடித்துக்கொள்ளலாம். ஒரு சதுரம் ஒரு முழு விளக்கு. ஐந்து பலகை வந்தால் ஐந்து விளக்கு. ஒரே பலகையில் பல துண்டுகள் இருந்தால் சிலர் தனிக் கட்டணம் கேட்பார்கள், ஆர்டர் போடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

வரைந்தது கீகேட் மென்பொருளில். இலவசம்; ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகமும் 2013 முதல் அதன் வளர்ச்சிக்கு உதவியிருக்கிறது. மாதிரி அளவில் இரண்டடுக்குப் பலகைக்கும் ஓரடுக்குக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் இல்லை, அதனால் பின்பக்கத் தாமிரத்தைச் சூடு பரவுவதற்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எல்.இ.டி.யையும் பற்றவைக்கும் தாமிரத் திட்டுகளில் (பேடு) பெரியதிலிருந்தும் சின்னத் துளைகள் பின்பக்கம் போகின்றன. 2835இல் அந்தப் பெரிய பேடு நேர்முனையா எதிர்முனையா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் வரையக் கூடாது. பட்டைக்கு ஒரு முனையில் பிளஸ், மறு முனையில் மைனஸ் கொடுத்தேன். அப்போது எந்த வரிசைக்கும் தாமிரப் பாதையின் மொத்த நீளம் ஒன்றாகிவிடும், வெளிச்சமும் ஒரே சீராக இருக்கும். டிரைவர் பட்டையில் கெப்பாசிட்டர், டையோடு, காயில் மூன்றையும் ஐ.சி.யை ஒட்டியே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் பக்கத்தில் இருக்கும் ரேடியோ இரையும்.

பற்றவைக்கும் வேலை பொறுமை கேட்டது, அவ்வளவுதான். பற்றவைக்கும் ஈயப் பேஸ்ட் தடவி, எல்.இ.டி.களைச் சாமணத்தால் அடுக்கி, தோசைக்கல்லுக்குப் பதில் ஒரு சின்ன ஹாட் பிளேட்டில் வைத்தேன். ஈயம் மங்கலாக இருந்து சட்டென்று பளபளக்கும். அந்த நொடியில் கோணலாக நின்ற எல்.இ.டி.யும் தானாகத் திரும்பி நேராக உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை.

பட்டைகளை ஒட்ட அலுமினிய சேனல் வேண்டும். அதற்குச் செங்கோட்டையில் ஜன்னல் போடும் பட்டறையில் வெட்டு மிச்சத்தை எடைக்கு வாங்கினேன். சாரல் ஊர் என்பதால் பற்றவைத்தபின் மிஞ்சும் ஃபிளக்ஸ் கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவினேன், இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பச்சை பூக்கும். டிரைவருக்கு மட்டும் மேலே வார்னிஷ் பூச்சு. எல்.இ.டி. மேல் அது படவே கூடாது, மேலே உள்ள மஞ்சள் சிலிக்கோன் நாளடைவில் கறுத்துப்போகும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி 2 ஆம்பியர் ஃபியூஸ். இதை யாரும் விட்டுவிட வேண்டாம். அந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயரையே பழுக்க வைத்துவிடும்.

மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சேனலைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். நூல் டப்பாவைத் திறந்த சித்தி, “இந்தா பாரு, இது மெரூன்லா!” என்று ஒரு கண்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினார்.

அடுத்த ஆர்டரில் இரண்டு மாற்றம். பி.டி.4115இன் டிம் முனையில் ஒரு வால்யூம் ரெசிஸ்டர் போட இடம் விட்டிருக்கிறேன், அந்த முனையில் 0.5 முதல் 2.5 வோல்ட் வரை கொடுத்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் காப்பாற்ற சுவிட்சு போல வேலை செய்யும் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டும் வருகிறது. டிரைவர் பட்டையில் இன்னும் 30 மி.மீ. நீளம் காலியாகக் கிடக்கிறது, இரண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.