வெட் ஃப்ளை: குறைத்துக் கட்டுவதே நன்று

மீன் பிடிப்பதற்காகத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கொண்டு கட்டப்பட்டு, நீருக்கடியில் இழுபட்டுச் செல்லும் செயற்கைப் பூச்சியான வெட் ஃப்ளையைக் கட்டப் பழகுகிறவர்கள், அது நிஜப் பூச்சியைப் போல் இருக்கிறதா என்று விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ட்ரவுட் மீனோ அதை ஓடும் நீரில், நொடிப்பொழுதே காண்கிறது; அங்கே உருவ ஒற்றுமையைவிட அசைவே மீனை ஈர்க்கிறது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு’ என்ற வெட் ஃப்ளை இதற்கு நல்ல சான்று. ஆரஞ்சுப் பட்டுநூலால் மெல்லிய உடல், அதன் முன்னால் கௌதாரியின் முதுகிலிருந்து எடுத்த பழுப்புப் புள்ளி இறகு ஒன்று. வாலும் இல்லை, சிறகும் இல்லை. நனைந்த பட்டு நிறம் மங்கிப் பழுப்பேறுகிறது. இறகின் மென்மையான இழைகள் நீரோட்டத்தில் உடலோடு ஒட்டுவதும் விரிவதுமாக இருப்பதால், கூட்டை உதறிவிட்டு நீர்மட்டத்தை நோக்கி எழும் பூச்சியின் கால்கள் துடிப்பதைப் போல் தோன்றுகிறது. அந்த நேரத்தில் பூச்சியால் தப்பிப் பறக்க முடியாது என்பதால் ட்ரவுட் அதை எளிதாகப் பிடித்து உண்கிறது. விறைப்பான சேவல் இறகு மேலே மிதக்கும் டிரை ஃப்ளைக்கு உகந்தது. நீருக்குள் அது அசையாமல் நிற்கும். ஸ்காட்லாந்தின் தூண்டில்காரரும் எழுத்தாளருமான டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-லேயே மென்மையான இறகு கொண்ட ‘ஸ்பைடர்’ என்னும் வெட் ஃப்ளை வகைகளைப் பரிந்துரைத்தார்.

ஆகவே இறகை ஒன்றரைச் சுற்றோ, மிஞ்சினால் இரண்டு சுற்றோ சுற்றினால் போதும். நான்கைந்து சுற்றுச் சுற்றினால் இழைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பாட்டில் கழுவும் பிரஷ்போல் விறைத்துவிடும். (கடையில் விற்கும் பூச்சிகள் பலவும் இப்படித்தான் கொழுத்திருக்கின்றன, அவை வாங்குபவரின் கண்ணுக்காகக் கட்டப்பட்டவை.) இழைகள் மெலிந்து உடலோடு படிந்தே கிடந்தால், இறகுக்குப் பின்னால் முயல் ரோமத்தைச் சிட்டிகையளவு முறுக்கிச் சுற்றலாம், அது இழைகளைச் சற்று விலக்கி நிறுத்துவதுடன், சிறு காற்றுக் குமிழ்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. முள்ளின் கண்ணை, அதாவது தூண்டில் நரம்பைக் கோக்கும் வளையத்தை, நூலால் அடைத்துவிடாமல், தொடக்கத்திலேயே அதன் பின்னால் சிறிது இடம் விட்டுக் கட்டுங்கள்.

கட்டி முடித்ததைக் கண்ணாடித் தம்ளர் நீரில் அமிழ்த்தி மெல்ல இழுத்துப் பாருங்கள்: இழைகள் அசையவில்லை என்றால் பிரித்து, ஒரு சுற்றைக் குறைத்துக் கட்டுங்கள். பழகுவதற்கு 14-ஆம் எண் முள் வசதியானது. அதைவிடச் சிறிய 16-ஆம் எண்ணுக்குப் பிறகு போகலாம்.