நீலக் கோடு

கறுப்பு கவுனைக் கழற்றியதும் பார்பி பொம்மையின் இடுப்பைச் சுற்றி ஒரு நீலக் கோடு.

கவுனின் சாயம் பொம்மையின் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது. சோப்புக்கு மசியாது.

முகப்பருவுக்குப் போடும் 10 சதவீத பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கறையில் மட்டும் தடவி, காயாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைக்கணும். தினமும் பார்க்கணும். விட்டால் சுற்றியுள்ள நிறமும் வெளுத்துவிடும். முகத்துப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

அடுத்த கவுனுக்கு அடர் நிறத் துணியா? நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் உள்ளே வெள்ளை லைனிங் கட்டாயம்.

முதுகில் வெல்க்ரோ வேண்டாம், முடியைப் பிய்க்கும். சின்ன பிரஸ் பட்டன் இரண்டு போதும்.

2016இல் வந்த, இடுப்பு அகன்ற 'கர்வி' பார்பி உடம்புக்குப் பழைய கவுன் ஏறாது. இடுப்பளவை நூலால் எடுத்துவிட்டு வெட்டுங்கள்.

புது பொம்மை வாங்கக் கை பரபரக்கிறதா? அலமாரியில் உடுப்பில்லாமல் நிற்பவர்களை முதலில் எண்ணுங்கள்.