காசநோய்: மூன்றாம் மாதத்தைத் தாண்டியது

காசநோய்க்கான ஆறு மாத மருந்தைப் போன மாதம் முடித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மருந்து தொடங்கியபோது, நோய் ஏன் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்றெல்லாம் படிக்க நிறையக் கிடைத்தது. அந்த ஆறு மாதம் வீட்டுக்குள் எப்படிப் போகும் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. இப்போது யாராவது அந்த இடத்தில் இருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

இருமலை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சுத் தூசி பறக்கிற ஊர், இருமல் இங்கே புதிதில்லை. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். நாலு நாள் தேவலை போலிருக்கும், மறுபடி தொடங்கும். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும். ராத்திரி வியர்வையில் பனியன் நனைந்து, எழுந்து மாற்றிக்கொண்டு படுப்பேன். பசியே போய்விட்டது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆனதைப் பார்த்து என் மனைவிதான், "இது சளி இருமல் இல்லைங்க, ஜி.எச்.சுக்குப் போயிடலாம்" என்று பிடிவாதமாக நின்றாள்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தக் கிளினிக்கில் இரண்டாம் முறை போனபோதாவது இதைச் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அத்தனை வாரமும் எங்கள் மூன்று வயது மகள் என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள்.

சளி கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, மொட்டை மாடி மாதிரி காற்றோட்டமான இடத்துக்குப் போய், பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று தடவை மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் இருந்த அக்கா டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எச்சிலைக் கொண்டாந்தா ரிசல்ட் தப்பா வந்துடுங்க, கெட்டிச் சளிதான் வேணும்" என்று எனக்கு முன்னால் நின்றவரைத் திருப்பி அனுப்பினார். என்னுடையதை வாங்கிக்கொண்டார். சிபிநாட் என்ற கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று தெரியும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் கூடவே தெரிந்துவிடும். எனக்குக் கிருமி இருந்தது, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி.

அன்றே சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுத்தார்கள். எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை, காலில் வீக்கம், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று எல்லாம் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2022-லிருந்து நடக்கிற காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இது ஒரு பகுதி. மோசமான நிலையில் இருப்பவர்களைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துப் படுக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்குச் சேர வேண்டிய அவசியம் இல்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்றார்கள்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால். நான்கும் ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. எனக்கு நான்கு, தினமும் ஒரே நேரத்தில். அப்புறம் நான்கு மாதம் பைரசினமைட் இல்லாமல் மற்ற மூன்றும். எல்லாமே இலவசம். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. ரிஃபாம்பிசினால் அப்படித்தான் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்று சுகாதாரப் பார்வையாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் ரத்தம் என்று நினைத்து மாத்திரையை நிறுத்தியிருப்போம். கண் மஞ்சளாகி, வாந்தியும் சோர்வுமாக இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, நிறம் பிரித்துப் பார்க்கத் தடுமாறினாலோ அன்றே ஓடி வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். எனக்குக் குமட்டலும் மூட்டு வலியும்தான் இருந்தன. கை கால் எரிச்சல் வராமல் இருக்க வைட்டமின் பி6 மாத்திரையும் கொடுத்தார்கள்.

வீட்டில்தான் கஷ்டம். அம்மா எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் ஒதுக்கிவிட்டார். "பிள்ளை இருக்குற வீடு கண்ணு, தப்பா நினைக்காதே" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே அம்மா, எனக்குக் குளிரக்கூடாது என்று நான் படுத்திருந்த அறையின் ஜன்னலை இறுக்கிச் சாத்தி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த சுகாதாரப் பார்வையாளர் முதலில் அந்த ஜன்னலைத்தான் திறந்தார். "தட்டு டம்ளர்ல ஒட்டாதுங்கம்மா. இருமும்போது காத்துல கலக்குது, மூடின ரூம்ல அந்தக் காத்து அப்படியே நிக்குது. அதைத் திறந்து விடுங்க, இவரை மாஸ்க் போடச் சொல்லுங்க" என்றார். மருந்து ஒழுங்காகப் போனால் இரண்டு வாரத்திலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்றும் சொன்னார்.

இதைப் பற்றிப் பிறகு படித்தேன். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் (சேத்துப்பட்டில் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது) நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற மருத்துவமனை) சேர்த்தும், மறு பாதியை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகவும் வரவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இவ்வளவையும் நம் ஊரிலேயே கண்டுபிடித்துவிட்டு, இன்னும் தட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தட்டு பழையபடி எல்லோருடைய தட்டுகளோடும் சேர்ந்தது.

மகளுக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் பரிசோதனை செய்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளை மூளைக் காய்ச்சல் மாதிரியான கடுமையான காசநோயிலிருந்து காக்கும். ஆனால் பக்கத்திலேயே நோயாளி இருந்தால் அது மட்டும் போதாது. அதனால் மகளுக்கு ஆறு மாதம் தடுப்பு மாத்திரை. நான் என்னுடையதை விழுங்கும்போது அவளும் தன்னுடையதை விழுங்குவாள்.

உண்மையான சோதனை மூன்றாம் மாதம் வந்தது. இருமல் நின்றுவிட்டது, பசி திரும்பிவிட்டது, எடை ஏறிவிட்டது. இரண்டாம் மாத முடிவில் எடுத்த சளியில் கிருமி இல்லை. நன்றாக இருக்கிற உடம்புக்கு எதற்கு, வயிற்றைப் புரட்டுகிற இத்தனை மாத்திரை என்று தினமும் தோன்றும். சுகாதாரப் பார்வையாளரிடமே கேட்டேன். இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். வேகமாகப் பெருகுகிறவை முதலில் செத்துவிடும், அப்போதே உடம்பு தேறிவிடும். தூங்குகிற மாதிரி கிடக்கிற மிச்சத்தைக் கொல்லத்தான் மீதி நான்கு மாதம். பாதியில் விட்டால் அது மறுபடி தலைதூக்கும், மருந்துக்கும் பழகிவிடலாம். மருந்து வாங்குகிற இடத்தில் அப்படி நடுவில் நிறுத்தி இரண்டாம் முறை வந்த ஒரு அண்ணனைப் பார்த்தேன். "தெம்பா இருந்துச்சு தம்பி, வேலைக்குப் போயிட்டேன்" என்றார். தினக்கூலி ஆளை அதற்காகத் திட்ட எனக்கு மனம் வராது. மாதாமாதம் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பது எவ்வளவு கடினம் என்று எனக்கே தெரியும். நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தோடு மாத்திரையைச் சேர்க்காமல், காலையில் மகளுடைய மாத்திரையோடு சேர்த்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அவள் ஒருநாளும் மறக்கவிடவில்லை.

சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரமும் ஆதாரும் கொடுத்தால் நேராக வரவு வைப்பார்கள். எனக்குத் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. முட்டைக்கும் பயறுக்கும் வேர்க்கடலைக்கும் ஆயிற்று. ஜார்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் கூடுதல் உணவு கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே அந்த முட்டையை நோயாளிக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், வீட்டில் எல்லோரும் சாப்பிடுங்கள்.

கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறையாக இரண்டு ஆண்டு வரை போய்க் காட்ட வேண்டும். இருமலோ காய்ச்சலோ திரும்பினால் அதற்கு முன்பே போக வேண்டும். வீட்டில் யாருக்காவது இந்த அறிகுறி இருந்து எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நேராகப் போகலாம்.